டொர்னேடோவுக்குள் (மேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல்காற்று) போகாமலேயே உள்ளே காற்று எப்படி வீசுகிறது என்று டாப்ளர் ரேடார் சொல்வதை நம்பலாமா?

நம்பலாம். கல்லூரியில் படிக்கிறீர்கள், பாடத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் வானிலை நிபுணன் இல்லை. பாம்பன்காரன், இயற்பியல் படித்தவன்.

பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் அப்பாவோடு வள்ளத்தில் தென்கடலுக்குப் போயிருந்தேன். வலையைப் பாதி இழுத்திருந்தோம். கருமேகத்தின் அடியிலிருந்து கயிறு மாதிரி ஒன்று இறங்கியது. அது தொட்ட இடத்தில் கடல் வட்டமாகப் புகைந்தது. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கண்ணை மூடி, குருசடைத் தீவின் முனையோடு சேர்த்து அதைப் பார்த்தார். "குறுக்க போகலடா, நம்மளப் பாத்துதான் வருது" என்றவர் வலையை அறுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் மிதவைகள் கிடந்த இடத்தைக் கடந்து அது கரைந்துபோனது.

டொர்னேடோவும் நான் பார்த்த மாதிரி கடலில் இறங்கும் சுழல்காற்றும் ஒன்றா என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். கடலில் இறங்குபவை பெரும்பாலும் பலவீனமானவை, தெரிந்தேதான் சொல்கிறேன்.

நம் கண்ணுக்குக் குறுக்கே நகர்வது சட்டென்று தெரியும், நேரே வருவது தெரியாது. டாப்ளர் ரேடாருக்கு நேர்மாறு. அது அனுப்பும் அலை மழைத்துளியிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறியிருக்கும். அதை வைத்துத் துளி நெருங்குகிறதா விலகுகிறதா, எவ்வளவு வேகம் என்று கணக்கிடுகிறார்கள். நெருங்குவதும் விலகுவதும் ஒட்டி ஒட்டித் தெரிந்தால் அங்கே சுழல். 1973ல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் யூனியன் சிட்டி டொர்னேடோவின் பதிவுகளில்தான் இந்த அடையாளம் பிடிபட்டது.

தூரம்தான் சிக்கல். பூமி வளைவதால் ரேடார் அனுப்பும் அலைக்கற்றை போகப்போக மேலே ஏறிவிடும். காரைக்கால் ரேடார் பாம்பன் பக்கம் பார்ப்பதே மூன்று கிலோமீட்டருக்கும் மேலேதான். அதனால்தான் அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஜோஷுவா வுர்மன் குழு ரேடாரை லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே போனது. 1999 மே 3ல் ஒக்லஹோமாவில் மணிக்கு 480 கி.மீ.யைத் தாண்டிய காற்றை அளந்தது. துளியும் குப்பையும் வெளியே வீசப்படுவதால் சுழலின் நடுவில் ஓட்டை மாதிரித் தெரியும். இரண்டு லாரிகள் வெவ்வேறு கோணத்தில் நின்றால் குறுக்குக் காற்றும் கிடைத்துவிடும்.

அப்புறம், அறுத்துவிட்ட வலைக்கு நிவாரணம் கேட்டு அப்பா ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தார். "அன்னைக்குப் புயல் எதுவும் பதிவாகலையே" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவாகவில்லை என்றால் கடலில் நடக்கவே இல்லையா? அந்த வலைக் கடனை அடைக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது.