வாசகர் கேள்வி-பதில்: செராமிக் கிண்ணத்தில் படியும் வெள்ளைத் தூள்

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி: முதுகுவலிக்காக என் கணவர் மருத்துவரின் அனுமதியோடு கஞ்சாப் பூவைப் புகைக்காமல், வேப்பரைசரில் சூடாக்கி உள்ளிழுக்கிறார். அதன் செராமிக் கிண்ணத்தில் பழுப்புப் பிசுக்கும், ஓரங்களில் வெள்ளைத் தூளும் படிகின்றன. செராமிக் கரைந்து நுரையீரலுக்குள் போகிறதா? கருவியைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா?

பழுப்பையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் இயங்குகின்றன. அந்தச் சூட்டில் செடியின் பிசினும் மெழுகும் எண்ணெயும் ஆவியாகி, ஒரு பகுதி கிண்ணத்திலேயே மீண்டும் படிந்து கருகுவதுதான் பழுப்புப் பிசுக்கு. அது செடியிலிருந்து வந்ததே தவிர, செராமிக்கிலிருந்து வந்ததல்ல. ஆயினும், திரும்பத் திரும்பச் சூடாகும் பழைய பிசுக்கு தொண்டையை உறுத்தும் என்பதால் அதை அப்படியே விட்டுவைப்பதும் சரியல்ல.

வெள்ளைத் தூள் மூன்று வழிகளில் வரலாம். வெப்பம் எல்லை மீறிச் செடி எரிந்திருந்தால் அது சாம்பல். அப்படியானால் கார்பன் மோனாக்சைடும் பென்சீனும் உண்டாகியிருக்கும், புகையைத் தவிர்ப்பதற்காக வாங்கிய கருவி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். குழாய்த் தண்ணீரில் கழுவும் வழக்கம் இருந்தால் அது சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். மூன்றாவது, கருவியே உதிர்வது.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கிண்ணத்தை நன்றாகத் துடைத்து, உலர்ந்த பின் மூலிகை எதுவும் வைக்காமல் ஒருமுறை சூடாக்கி, ஆறிய பிறகு கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் வெள்ளைத் தூள் ஒட்டினால், அது செடியிலிருந்து வரவில்லை. அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்: சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், இத்தகைய செராமிக்கில் பெரும்பாலும் இருக்கும் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கரையாது. கரையாத தூள் மீண்டும் மீண்டும் வருமானால், காரணம் தெரியும் வரை அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள்.

செராமிக் கரைகிறது என்ற அச்சத்துக்கு மட்டும் அடிப்படை இல்லை. நன்றாகச் சுட்ட அலுமினா 2,000 டிகிரிக்கும் மேல்தான் உருகும். கவலைப்பட வேண்டியவை வேறு. வெப்பம் வெளியேறாமல் தடுக்கச் சில சாதனங்களில் வைக்கப்படும் செராமிக் கம்பளி இழைகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அத்தகைய கம்பளி காற்று செல்லும் பாதையில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மேற்பூச்சு உள்ள செராமிக்காக இருந்தால், அதில் ஈயமும் காட்மியமும் இல்லையா என்றும் கேளுங்கள்.

‘உணவுக்கு உகந்த செராமிக்’ என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் பதிலாக ஏற்கமாட்டேன். உணவுப் பாத்திரங்களுக்கான வழக்கமான சோதனையில், 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அதில் எவ்வளவு உலோகம் கசிகிறது என்று அளக்கிறார்கள். 200 டிகிரியில் சூடான காற்றோடு நுரையீரலுக்குள் என்ன போகிறது என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகர்: பிசுக்கைக் கத்தியால் சுரண்டலாமா?

வேண்டாம். செராமிக் எஃகைவிடக் கடினமானது. ஆகவே கத்தியின் உலோகம்தான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடுகளாக ஒட்டிக்கொள்ளும். மேற்பூச்சு இருந்தால் அதுவும் பெயரும். மின் இணைப்பைத் துண்டித்து, கருவி முழுதும் ஆறிய பிறகு, 91 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இந்தத் திரவத்தின் ஆவி 12 டிகிரியிலேயே தீப்பற்றக் கூடியது. எனவே வாசனை முற்றிலும் போகும்வரை கருவியை இயக்கக் கூடாது. சூடேற்றும் பகுதியைத் திரவத்தில் ஊறவைக்கவும் கூடாது; நுண்துளை உள்ள செராமிக் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: துளசி, யூகலிப்டஸ் இலைகளைப் பயன்படுத்த, கனடாவில் இருக்கும் அண்ணன் இப்படியொரு கருவியை அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மின்னணு சிகரெட் தடைச் சட்டம், நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியை உண்டாக்கும் மின்னணுக் கருவிகளைத் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. இறக்குமதிக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். துளசிக்கு, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கும் சாதனம் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அதன் அடித்தட்டில் படியும் வெள்ளை பெரும்பாலும் தண்ணீரின் சுண்ணாம்பு; வினிகர் கலந்த நீரை ஊற்றி அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் போய்விடும்.