கொலம்பஸ் கடைத்தெரு: ஒரு ஐஸ்கிரீம் கடையும் ஒரு வங்கியும்

கேள்வி: மால்களும் வால்மார்ட்டும் வந்த பிறகு அமெரிக்காவின் சின்ன ஊர்களில் பழைய கடைத்தெருக்கள் என்ன ஆயின? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

நான் இருந்த ஊரை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ். ஒஹாயோவின் தலைநகரும் கொலம்பஸ்தான், டிக்கெட் போடும்போது பார்த்துப் போடுங்கள். ஐம்பதாயிரம் சொச்சம் ஜனம். கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். புனேயிலிருந்து அந்த வேலையாகப் போய் இரண்டு வருடம் இருந்தேன்.

கடைத்தெருவுக்குப் பெயர் வாஷிங்டன் தெரு. பழைய செங்கல் கட்டடங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும். 1964இல் அலெக்சாண்டர் ஜிரார்ட் என்ற வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு யோசனை கேட்டிருக்கிறார்கள். அவர் இடித்துக் கட்டச் சொல்லவில்லை. 26 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, கடை முகப்புகளுக்கு இதிலிருந்து எடுத்து அடியுங்கள் என்றார். பெயின்ட் செலவோடு ஒரு தெருவின் முகமே மாறியது.

அந்தத் தெருவில்தான் ஜஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் 1900இல் திறந்தது. செயின்ட் லூயிஸில் 1904இல் நடந்த உலகக் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்த, ஓனிக்ஸ் என்ற பளபளக்கும் கல்லில் செய்த சோடா ஃபவுண்டன்கள் (சோடா கலந்து கொடுக்கும் மேடைகள்) இன்றும் உள்ளே இருக்கின்றன. 1908இல் ஜெர்மனியில் செய்த வெல்டே ஆர்க்கெஸ்ட்ரியன் ஒன்றும் உண்டு. பீரோவைவிடப் பெரிய, தானாக வாசிக்கும் இசைப்பெட்டி. உள்ளே காகிதச் சுருள் சுற்றச் சுற்ற, அதில் உள்ள துளைகளுக்கு ஏற்பக் குழல்கள் ஊதும், மேளம் தானாக அடிபடும். முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்ததுதான் மிச்சம்.

ஆனால் அந்தக் கடையும் 2006இல் மூடித்தான் போனது. இசைப்பெட்டிகூட விலைபோய் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. அப்புறம் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் கடையை வாங்கி, பெட்டியைத் திரும்ப வரவழைத்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி 2009 ஜூனில் திறந்தார்.

அதே 2009 செப்டம்பரில் ஊரின் இன்னொரு பழைய பெயர் மறைந்தது. இர்வின் யூனியன் வங்கி. 1871இல் ஒரு ஜவுளிக்கடையின் பின்பக்கத்தில் தொடங்கியது. 1954இல் ஈரோ சாரினன் என்ற கட்டடக் கலைஞர் அதற்குக் கட்டித் தந்த கட்டடம் வங்கி மாதிரியே இருக்காது. முகப்பில் பெரிய தூண்கள் கிடையாது, காசாளரைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கிடையாது, சுற்றிலும் கண்ணாடி. வயலிலிருந்து அழுக்குப் பூட்ஸோடு வரும் விவசாயி தயங்காமல் உள்ளே வரவேண்டும் என்பது நோக்கம். கூரையில் ஒன்பது சின்னக் குவிமாடங்கள். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து 'பிரா ஃபேக்டரி' என்று கேலி செய்தார்களாம்! வங்கி திவாலாகிவிட்டது. கட்டடம் பிறகு கம்மின்ஸின் கூட்ட அரங்காக ஆனது. அப்போது கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் பணம் எண்ணிய இடத்தில் யாராவது பவர்பாயின்ட் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளூர் நாளிதழ் 'தி ரிபப்ளிக்' கதையும் இதே மாதிரிதான். 1971இல் கட்டிய அதன் கண்ணாடி அலுவலகத்தில் அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவிலிருந்தே பார்க்கலாமாம். இப்போது பத்திரிகை அங்கே இல்லை, கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள்.

ஆக, கட்டடங்கள் பிழைத்துவிட்டன, உள்ளே இருந்த தொழில்களில் பாதி போய்விட்டன. பிழைத்ததும்கூடச் சும்மா இல்லை, பின்னால் ஒரு பணக்காரக் கம்பெனி இருக்கிறது. 1950களிலிருந்து பள்ளிக்கூடம் மாதிரியான பொதுக் கட்டடங்களுக்கு நல்ல கட்டடக் கலைஞரை அமர்த்தினால் அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளையே கொடுத்து வந்திருக்கிறது. கடைகளுக்கு அந்தக் காசு வராது. ஐஸ்கிரீம் கடைக்கு ஒருவர் தன் கைக்காசைப் போட்டதால்தான் ஆயிற்று. அதனால் இந்த ஊரைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களைக் கணக்குப் போடாதீர்கள்.

போனால் பெரும்பாலானவர்கள் கேமராவோடு நேரே நவீனக் கட்டடக்கலைக்குப் பேர்போன சர்ச்சுகளைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஜஹராகோஸில் 'கோம்' சாண்ட்விச் சாப்பிடுங்கள். கொத்துக்கறி சாஸோடு பன்னிலிருந்து வழியும், டிஷ்யூ பேப்பர் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.