கடலோரத்தில் வீடு இருந்தும் பவளத் தொட்டியில் கேஹெச் ஏன் நிலையாக நிற்பதில்லை?

கேள்வி கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிப் பக்கம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இருநூறு லிட்டர் தொட்டி, கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் மென்பவளம். கேஹெச், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு, ஒரு வாரம் 7 காட்டுகிறது, மறுவாரம் 10 காட்டுகிறது. கேஹெச்சை ஏற்றுகிற பஃபர் பவுடர் போட்டும் அடங்கவில்லை. கூடவே ஒரு வரி: "கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அந்தத் தண்ணீரையே அள்ளி ஊற்றினால் தீர்ந்துவிடாதா?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கீழக்கரையில் நான் தொட்டி வைத்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற ஆள் எல்லாம் இதையேதான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

முதலில் உங்கள் விஷயம். மென்பவளம் மட்டும் இருக்கிற தொட்டியில் கேஹெச் தானாக மூன்று புள்ளி ஏறி இறங்காது. கேஹெச்சைத் தின்பது கல் பவளம். தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் அது கூடு கட்டுகிறது. 2.8 கேஹெச் செலவானால் கூடவே 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) கால்சியம் செலவாகும், எந்தக் கல் பவளமானாலும் ஏறக்குறைய இதே கணக்கு. உங்கள் மென்பவளமும் பாறையில் படரும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியும் எடுப்பது சொற்பம். அப்படியிருக்க அளவு சட்டென்று இறங்குகிறது என்றால் தண்ணீர் மாறுகிறது, ஏறுகிறது என்றால் யாரோ ஏற்றுகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த யாரோ பெரும்பாலும் நீங்கள்தான். கல் பவளமும் வைத்துக்கொண்டு கேள்வியில் சொல்லாமல் விட்டிருந்தால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

திறந்த கடலில் உப்பளவு ஆயிரத்துக்கு 35, கேஹெச் ஏழுக்குச் சற்றுக் குறைவு, கால்சியம் 410 முதல் 420, மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, பிஹெச் 8.1 அல்லது 8.2. கடையில் விற்கிற பவளத் தொட்டி உப்பில் பல வகை கேஹெச்சைக் கூட்டித்தான் வருகிறது. கரைத்து அளந்தால் 10, 11 காட்டும். 11-ல் இருக்கிற தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு 6-ல் இருக்கிற கடல் தண்ணீரை ஊற்றினால் எட்டரைக்கு வந்து நிற்கும். அடுத்த வாரம் உப்புக் கரைத்து ஊற்றினால் திரும்ப மேலே. இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றுகிறவர்களுக்கு எந்தப் பவுடரும் உதவாது.

இனி என் கதை. நான் ஷார்ஜாவில் இருந்தவரை கல் பவளம் வளர்த்தவன். அங்கே கடைக்கு முறையான காகிதங்களோடு வரும். ஊர் திரும்பும்போது தெரிந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் தொட்டியோடு கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே மென்பவளத்தோடும் பண்ணையில் பொரித்த மீனோடும் நிறுத்திக்கொண்டேன். தொட்டியைப் பார்த்து மச்சானுக்குத்தான் தாங்கவில்லை. உப்பு வாளியைத் தூக்கிப் பார்த்தார், விலையைக் கேட்டார், தலையில் அடித்துக்கொண்டார். "கடலுக்கு முன்னாடி குடியிருந்துக்கிட்டு காசு குடுத்து உப்பு வாங்குறியே, ஒனக்குக் கிறுக்கா?"

சொன்னதோடு விடவில்லை. தெரிந்த நாட்டுப்படகுக்காரரிடம் சொல்லி, கேன் கேனாகத் தண்ணீர் வந்து வாசலில் இறங்கிவிட்டது. பாசத்தில் செய்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது கார்த்திகை மாதம், முந்தின வாரம் முழுக்க அடைமழை. "ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கிறேன் மச்சான்" என்று உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தேன். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, குமிழ் இல்லாமல் பரவவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேருகிற கோடு 31-ல் நின்றது. மச்சானிடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கடல் தப்பா, ஒன் டப்பா தப்பா?" என்றார். உம்மா உள்ளேயிருந்து சிரித்தார்கள்.

நானும் விடவில்லை. 35 என்று அச்சிட்ட பரிசோதனைக் கரைசலை அவர் முன்னாலேயே உடைத்து ஊற்றிக் காட்டினேன். கோடு சரியாக 35-ல் நின்றது. (இந்தக் கருவியை வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள், 35 கரைசலில்தான் சரிபார்க்க வேண்டும்.) அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: "கடல் கடலாத்தான் இருக்கும், ஒன் கண்ணுதான் மாறிப்போச்சு." இன்றைக்கும் கல்யாண வீட்டில் சஹனில் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) உட்கார்ந்தால், கடலுக்கு உப்புப் பத்தாது என்று சொன்ன ஆள் என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்.

உப்புப் பத்தாதுதான். வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீர் வடகடல் (பாக் விரிகுடா) வழியாகத் தெற்கே வருகிறது, மேலே மழை வேறு. உப்பு 35-லிருந்து 31-க்கு வந்தால் மற்றதெல்லாம் அதே விகிதத்தில் இறங்கும். ஆறே முக்கால் இருந்த கேஹெச் ஆறுகூட இருக்காது, 415 இருந்த கால்சியம் 370-க்கு வந்துவிடும். அதனால்தான் யார் கேஹெச் என்று கேட்டாலும் நான் முதலில் உப்பளவைக் கேட்கிறேன். அது தெரியாமல் மற்ற எண்களைப் பேசுவது வெட்டிவேலை.

கடல் தண்ணீரே ஆகாது என்று நான் சொன்னதாகத் திரித்துவிடாதீர்கள். மாசியிலிருந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பும் வரை நானும் கடல் தண்ணீர்தான். கரையில் அள்ளுவதில்லை, படகில் வெளியே போய்த் தெளிந்த இடத்தில் எடுத்து, துணியில் வடிகட்டி, இருட்டில் டிரம்மில் வைத்து, அளந்து, குறைந்தால் உப்புச் சேர்த்து 35-க்குக் கொண்டுவந்த பிறகுதான் தொட்டிக்கு. கச்சான் அடித்துத் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கிவிட்டால் எடுப்பதில்லை. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதே, பூங்கோரை என்கிற பாசிப் பெருக்கம், அந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில்கூடப் போகக்கூடாது.

இன்னொரு சந்தேகம், டாப்-அப், அதாவது ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுகிற தண்ணீர். எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே கிடக்கும். குறைந்த இடத்தைக் கடல் தண்ணீரால் நிரப்பினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும். போர் தண்ணீரால் நிரப்பினால் அதைவிட மோசம். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கார்பனேட்தான் உங்கள் கேஹெச். 20 கேஹெச் உள்ள தண்ணீரை நாளுக்கு மூன்று லிட்டர் ஊற்றினால் வாரத்தில் 21 லிட்டர். இருநூறு லிட்டர் தொட்டியில் அது ஒன்றே இரண்டு கேஹெச்சுக்கு மேல் ஏற்றிவிடும், பஃபர் டப்பாவைத் திறக்காமலே. கேன் தண்ணீரையும் நம்பாதீர்கள். ஒரே கடையில் வாங்கிய கேனில் ஒரு முறை டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 40, இன்னொரு முறை 300 பார்த்திருக்கிறேன். ஆர்ஓ வடிகட்டி வைத்து, அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற ஒரு டிஐ குழாய் போட்டு, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டுவிட்டால் நீங்கள் ஊரில் இல்லாதபோதும் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆர்ஓ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போய் வந்தவன் எங்கள் ஊரில் சபுராளி. சபுராளிக்கு எல்லாவற்றிலும் தனி ரேட். ஆர்ஓ மாட்ட வந்தவர் பக்கத்து வீட்டில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கேட்டார். ஸ்டாண்டு செய்த தச்சர் அளவெடுக்க வந்து, சுவரில் இருந்த பெரிய டிவியைப் பார்த்த பிறகு விலை சொன்னார். "காக்கா, நீங்க திர்ஹத்துல சம்பாதிச்சவங்க, இதெல்லாம் ஒரு காசா?" (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) சம்பாதித்த வருஷங்களில் பாதி வெயிலில் பைப் தூக்கினேன் என்று யாரிடம் சொல்வது? திரும்பி வந்தவனுக்கு மாதச் சம்பளம் இல்லை என்பது ஒருவர் புத்தியிலும் ஏறுவதில்லை. சரி, விடுங்கள். தொட்டிக்கு வருகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு வாரம் பஃபரை நிறுத்துங்கள், தண்ணீரும் மாற்ற வேண்டாம். சுத்தமான டாப்-அப் மட்டும். தினமும் ஒரே நேரத்தில் உப்பளவையும் கேஹெச்சையும் அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் உங்கள் தொட்டியின் உண்மையான செலவு. மென்பவளத் தொட்டியில் அது கேஹெச் அளக்கும் கிட்டின் கண்ணுக்கே தெரியாத அளவாக இருந்தால் எதுவும் போடாதீர்கள், ஒரே வகைத் தண்ணீரில் பத்து சதவீதம் மாற்றிக்கொண்டிருந்தாலே போதும். போட்டே ஆகவேண்டும் என்றால் சுத்தமான ஆப்பசோடா: நூறு லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு கேஹெச் ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றக்கூடாது. பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். 7-ல் நின்றாலும் 9-ல் நின்றாலும் பவளம் வாழும், வாரம் ஒரு எண் என்றால்தான் சுருங்கும். பிஹெச்சை நான் தனியாகத் துரத்துவதில்லை. ஏசி போட்டுக் கதவை மூடினால் அறையில் கரியமில வாயு கூடி பிஹெச் இறங்கும், ஜன்னலைத் திறந்தால் ஏறும். அதற்குப் பவுடர் போடப்போய்த்தான் பாதிப் பேர் கேஹெச்சைக் கெடுக்கிறார்கள்.

ஷார்ஜாவில் கல் பவளத்துக்கு நான் கொடுத்தது சுண்ணாம்புத் தெளிவு. "இது பழங்காலத்து முறை, டோசிங் பம்ப் வை, ரியாக்டர் வை" என்று தானாக ஊட்டும் கருவிகளைச் சொல்லிக் கமெண்டில் வருவீர்கள், தெரியும். வையுங்கள், நான் தடுக்கவில்லை. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து அசையாமல் வைத்தால் அடியில் வண்டல், மேலே பாலாடை போல ஒரு படலம், நடுவில் தெளிவு. படலம் காற்றுப் பட்டுக் கார்பனேட் ஆனது, அதைக் கலக்கக்கூடாது. தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஏனென்றால் அதன் பிஹெச் 12-க்கு மேல். ஒரு லிட்டர் தெளிவு நூறு லிட்டர் தொட்டியில் ஒரு கேஹெச்சுக்குச் சற்று அதிகமாக ஏற்றும், அதற்கேற்ற கால்சியத்தையும் கூடவே கொடுக்கும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை ஊற்றலாமா என்று கேட்காதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

நம் கரையில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டி எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடு கட்டவும் அந்தக் கல்தான். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளத்தின் வரிகள் இன்னும் தெரியும். இப்போது கல் பவளம், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதனால் கல் பவளம் வைத்திருக்கிறீர்களா, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அதற்கு டோசிங் கணக்கும் சொல்லமாட்டேன். நான் வக்கீல் இல்லை, சந்தேகம் இருந்தால் வனத்துறையில் கேளுங்கள். இதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் "காக்கா, கரையில ஒதுங்குன கல்லுதானே, ரெண்டு பார்சல் போடுங்க" என்று மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கும் இதுதான் பதில். செத்த கல்லும் சேர்த்துத்தான்.

உங்கள் ஏர்வாடி வீட்டு டாப்-அப் தண்ணீரின் டிடிஎஸ், போர் என்றால் அதன் கேஹெச், தொட்டியின் உப்பளவு, போடுகிற உப்பு எந்த வகை, இந்த நான்கையும் கமெண்டில் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.