எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட் படத்தின் கதையை ஏன் நேராகச் சொல்லவில்லை?

கேள்வி கேட்டவர், பாதியிலேயே குழம்பிப்போனதாகவும், வரிசையாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்றும் கேட்டிருக்கிறார். (முழுக் கதையும் கீழே வருகிறது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

நேராகச் சொல்லியிருந்தால் பார்த்தார்கள், பழகினார்கள், சலித்துப்போய்ப் பிரிந்தார்கள் என்று முடிந்திருக்கும். அந்தக் கதை நமக்குப் புதிதில்லை.

2004-ல் வந்த படம். மிஷேல் கோன்ட்ரி இயக்கம், சார்லி காஃப்மன் திரைக்கதை. கிளமென்டைன் (கேட் வின்ஸ்லெட்) தன் மூளையிலிருந்து காதலன் ஜோயலை (ஜிம் கேரி) அழித்துவிட்டாள் என்று தெரிந்ததும், கோபத்தில் அவனும் நினைவை அழித்துத் தரும் அதே லக்கூனா நிறுவனத்துக்குப் போய் அவளை அழிக்கச் சொல்கிறான். அங்கே கடைசி நினைவில் தொடங்கிப் பின்னால் போய்த்தான் அழிப்பார்கள். படம் தலைகீழாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். முதலில் வருவது எல்லாம் சண்டை, குத்தல் பேச்சு. போய்த் தொலையட்டும் என்று நமக்கே தோன்றும். கசப்பு எல்லாம் அழிந்த பிறகு, போர்வைக்குள் இரண்டு பேரும் படுத்திருக்கும் காட்சி வரும், அவள் சின்ன வயதில் வைத்திருந்த அழகில்லாத ஒரு பொம்மையைப் பற்றிச் சொல்வாள், அவள் கண் கலங்கியிருக்கும், அப்போது ஜோயல் இந்த ஒன்றை மட்டுமாவது எனக்கு விட்டுவையுங்கள் என்று கெஞ்சுவான். நேர்வரிசையில் இந்தக் காட்சி படத்தின் முன்பாதியில் வந்துபோயிருக்கும், நாமும் சாதாரணமாகக் கடந்திருப்போம்.

பிரிந்தவர்கள் மனதில் நடப்பதும் இதேதான். கடைசியாகப் பேசிய பேச்சுதான் மேலே நிற்கும், அடியில் இருக்கும் நல்லதெல்லாம் அதைத் தாண்டி வரவே வராது. படம் அந்த மேல் அடுக்கைத் தோண்டி எடுத்துவிடுகிறது.

வரிசை பிடிபடவில்லை என்றால் கிளமென்டைனின் தலைமுடியைக் கவனியுங்கள். முதல் சந்திப்பில் பச்சை, நன்றாக இருந்த காலத்தில் சிவப்பு, உறவு கெடும்போது ஆரஞ்சு, எல்லாம் அழித்த பிறகு நீலம். படம் தொடங்கும்போது நீலம்தான். அதாவது நாம் முதலில் பார்க்கும் அந்தச் சந்திப்பு உண்மையில் இரண்டாவது. பெயர்கள் திரையில் ஓட ஆரம்பிப்பதே கால் மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான், நினைவை அழிக்கப் போகும் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. ரயிலில் அவள் தன் பெயரை வைத்துக் கிண்டல் பண்ணாதே என்பாள், ஹக்கிள்பெரி ஹவுண்ட் என்ற நாய் கார்ட்டூனில் தன் பெயரோடு வரும் பாட்டைச் சொல்வாள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நிஜமான முதல் சந்திப்பில் அவனேதான் அந்தப் பாட்டைப் பாடியிருப்பான், சின்ன வயதில் தனக்கு ரொம்பப் பிடித்த பொம்மையே அந்த ஹக்கிள்பெரி ஹவுண்ட்தான் என்று சொல்லியும் இருப்பான். அவளோடு சேர்த்து அவனுடைய குழந்தைப் பருவத்திலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது, அப்படியே நிறுத்திவிட்டு வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

நான் புதுச்சேரிக்காரன். எனக்கும் ஒருத்தி இருந்தாள், காந்தி சிலைப் பக்கம் கருங்கல் பாறைகளில் உட்கார்ந்து பேசுவோம். அப்போது அங்கே மணலே கிடையாது. துறைமுகம் கட்டியதும் தெற்கிலிருந்து வரும் மணல் தடைபட்டு, கரை அரித்துப்போய், பாறை கொட்டி வைத்திருந்தார்கள். அப்புறம் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டதில் மணல் திரும்பி வந்துவிட்டது, நாங்கள் உட்கார்ந்த பக்கத்தில் இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நாங்கள் கடைசியாகச் சண்டை போட்டது வம்பாகீரப்பாளையம் பழைய துறைமுகப் பாலத்தைப் பார்த்தபடி, அதுவும் 2022-ல் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்துவிட்டது. படத்தில் நினைவு போகப் போக, அவர்கள் முதலில் சந்தித்த மான்டாக் கடற்கரையில் இருக்கும் வீடு இடிந்து உள்ளே தண்ணீர் வருகிறது. எனக்கு இடங்கள்தான் போய்விட்டன, நினைவு அப்படியே இருக்கிறது. அழித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்பேன், அந்தப் பாறைமேல் இருந்தபோது நான் இருந்த விதம் எனக்கு வேண்டும்.

இன்னொரு விஷயம், படத்தில் பெரும்பாலான வித்தைகளைக் கம்ப்யூட்டரிடம் விடாமல் கேமரா முன்னாலேயே செய்திருக்கிறார்கள். சமையலறை மேசைக்கு அடியில் ஜோயல் குழந்தையாக ஒளிந்திருக்கும் காட்சியில், அறையையும் சாமான்களையும் பெரிதாகச் செய்து, ஆட்களைக் கிட்டத்திலும் தூரத்திலும் நிறுத்தி, அவனைச் சின்னவனாகக் காட்டினார்கள். அதனால்தான் அது கனவு மாதிரி நிஜமாக இருக்கிறது. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது, நியாயம்தான்.

முடிவைப் பற்றிப் பலரும் சண்டை போடுகிறார்கள். ஒருவரை ஒருவர் எவ்வளவு மோசமாகத் திட்டியிருக்கிறோம் என்று, அழிப்பதற்கு முன் லக்கூனாவில் பதிவு செய்த ஒலிநாடாவில் கேட்ட பிறகும் இரண்டு பேரும் சரி என்கிறார்கள். மறுபடியும் அதே இடத்தில்தான் போய் முட்டுவார்கள் என்பது ஒரு கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவை தெரியாமல் காதலித்தார்கள், இந்தத் தடவை எல்லாம் தெரிந்தே சம்மதிக்கிறார்கள். அந்த ஒலிநாடாக்களை அனுப்பிய லக்கூனா ஊழியர் மேரியை (கிர்ஸ்டன் டன்ஸ்ட்) அடுத்த தடவை பார்க்கும்போது விட்டுவிடாதீர்கள், அங்கே நினைவை அழிக்கும் டாக்டரோடு இருந்த உறவை அழித்துவிட்டு மறுபடி அதே டாக்டரிடம் போய் மனதைப் பறிகொடுத்தவள் அவள், ஆகவே அழிப்பதால் என்ன ஆகும் என்று அந்தப் படத்தில் முழுசாகத் தெரிந்தவளும் அவள்தான்.