ஏலத்தில் வந்த ஷ்லிட்ஸ் தட்டு: 1910-ஆ?

வணக்கம். அமெரிக்க பீர் நிறுவனமான ஷ்லிட்ஸின் விளம்பரத் தட்டு ஒன்று "1910 ஷ்லிட்ஸ் பீர் தட்டு" என்று ஏலத்தில் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தில் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மில்வாக்கி என்ற ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறது. அமெரிக்காவில் அந்த எண் வந்ததே 1963-இல்தான். அப்புறம் எங்கே 1910? விட்டுவிடுங்கள்.

அமெரிக்க மதுவிலக்குக்கு (1920–33) முந்தைய தட்டு என்றால் கிராக்கி அதிகம், அதனால் நகல்களும் ஏராளம். அடுத்த முறை பூதக்கண்ணாடி வைத்து எடுத்த படம் கேளுங்கள். பழைய கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். பிற்கால ஆஃப்செட் அச்சில் புள்ளிகளின் வரிசை பிசகாது. துருவை மட்டும் நம்பாதீர்கள், அதை வரவழைப்பது சுலபம் (நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான்). ஏலத்தொகைக்கு மேல் கமிஷன் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.