கார்ட்ராயும் ராஜாவும்

வணக்கம் ஐயா,
கிருஷ்ணகிரியில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். ஓசூர், தளி பக்கத்துக் குளிரை நம்பி கார்ட்ராய் பேன்ட் இறக்கியிருக்கிறேன். பிரெஞ்சில் 'ராஜாவின் கயிறு' என்பதுதான் கார்ட்ராய் ஆனது என்றார் ஒரு வாடிக்கையாளர். 'அரசர்கள் அணிந்த துணி' என்று போர்டு வைக்கலாமா? இதற்குத் தமிழில் என்ன பெயர்? எப்படித் துவைப்பது?
ச., கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

வைக்காதீர்கள். அது கட்டுக்கதை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது 'வெலூர் கோத்தலே', வரி வரியான வெல்வெட். கார்ட்ராய் என்ற சொல் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே 'டூராய்' என்றொரு முரட்டுக் கம்பளித் துணி இருந்தது. அதன் முன்னால், கயிறு போன்ற வரியைக் குறிக்கும் 'கார்ட்' ஒட்டியிருக்கலாம் என்கிறார்கள். ஜெர்மானியர்கள் 'மான்செஸ்டர்' என்று ஊர்ப்பெயராலும் சொல்வார்கள்.

எனக்குக் கோபம் அந்த ராஜா மேல்தான். எதைப் பார்த்தாலும் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. தருமபுரியில் இடிந்த சுவரெல்லாம் அதியமான் கோட்டை. எங்கள் ஏரிக்கரை நடுகல்லுக்கு வேடியப்பன் என்று பொங்கல் வைப்போம். அதையும் ராஜா என்றுதான் சின்ன வயதில் எனக்குச் சொன்னார்கள். நம் பக்கத்து நடுகல் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ராஜா பெயர் பெரும்பாலும் ஆண்டுக் கணக்குக்குத்தான் வரும். கல் நிற்பது தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ச் செத்தவனுக்காக. மாடு மீட்டவன் கல்லையே ராஜாவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தவர்கள் நாம்!

கார்ட்ராயை உடுத்தியவன் இங்கிலாந்தின் கூலிக்காரன். முழங்கால் சீக்கிரம் கிழியாது, அவ்வளவுதான். அப்புறம் அதைச் செய்தவர்கள். பருத்தி ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், சில இழைகளை மேலாக மிதக்கவிட்டு நெய்வார்கள். அவற்றை நடுவில் அறுத்து, பிரஷ்ஷால் தேய்த்தால்தான் வரி எழும். இங்கிலாந்தின் லங்காஷயரில் இதைக் கையால் அறுத்தார்கள். நீள மேசையில் துணியை இழுத்துக் கட்டி, மெல்லிய நீளக் கத்தியை ஒரு வரிக்குள் நுழைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடை. அடுத்த வரிக்கு மறுபடி நடை. நாளெல்லாம் இதே. பெண்களும் பிள்ளைகளும்கூட நடந்தார்கள். கத்தி பிசகினால் துணியில் ஓட்டை. இவர்களை விட்டுவிட்டு ராஜாவுக்கா போர்டு வைப்பீர்கள்?

தமிழ்ப் பெயரா? கார்ட்ராய் என்றே விற்றுவிடுங்கள். எண்பதுகளில் என் அண்ணன் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனான். நடக்கும்போதெல்லாம் தொடை உரசி 'சர் சர்' என்று சத்தம். பெண் வீட்டார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! சரி, அது கிடக்கட்டும்.

துவைக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். வரி நசுங்காது.