கேள்வி பதில்: கல்லறைக்குப் போய் என்னத்தப் பார்க்கிறது?

போன இதழ்ல பழவேற்காடு டச்சுக்காரங்க கல்லறையப் பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்தத் தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல அதே விஷயம். சினிமா கேள்வி அனுப்புனவங்க மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த வாரம்.

கோயில் இருக்கு, பீச் இருக்கு, அதெல்லாம் விட்டுட்டு கல்லறையில போய் நிக்கிறீங்களே, இது என்ன சார் ரசனை? வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?
*வாசகி, தாம்பரம்*

சொல்லாம விடுவாங்களா. வந்தா தலைக்குக் குளிச்சிட்டுதான் உள்ள கால வைக்கணும்னு வீட்டுல சட்டமே இருக்கு, நானும் குளிச்சிட்டுதான் போறேன், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

நான் போறது படிக்கிறதுக்குங்க. சரித்திர புக்குல கவர்னர், சண்டை, ஒப்பந்தம்னு வரும். அதே ஊர் கல்லறையில போய்ப் பார்த்தா ஒன்றரை வயசுக் குழந்தை, பிரசவத்துல போன பொண்டாட்டி, கப்பல விட்டு இறங்கி ஒரு வருஷம்கூட தாங்காத பத்தொன்பது வயசுப் பையன்னு வரிசையா இருக்கும். கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை 1767ல ஆரம்பிச்சது, உள்ள போனா மரத்துக்கு நடுவுல பிரமிடு பிரமிடா, மண்டபம் மண்டபமா நிக்கும், அவ்ளோ பெருசா கட்டியிருக்காங்களேன்னு கிட்டப் போய் வயசப் படிச்சா முக்காவாசி இளவட்டம். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரன் ஆயுசு ரெண்டு மழைக்காலம்தான்னு அந்தக் காலத்துல சொல்லுவாங்களாம், அது சும்மா இல்லன்னு அங்க நின்னாதான் புரியும்.

அங்கயே வில்லியம் ஜோன்ஸ் இருக்காரு, ஆசியாவோட மொழி, சரித்திரம் எல்லாம் ஆராய்றதுக்கு 1784ல ஏசியாட்டிக் சொசைட்டின்னு சங்கம் ஆரம்பிச்சவரு, சாகுறப்ப வயசு 47. சார்லஸ் ஸ்டூவர்ட்னு ஒரு மேஜர் ஜெனரல், நம்ம பழக்கவழக்கம் மேல பித்துப் பிடிச்சு 'இந்து ஸ்டூவர்ட்'னே பேர் வாங்குனவரு, 1828ல செத்தாரு, அவர் கல்லறையையே கோயில் மாதிரி கட்டி வச்சிருக்காங்க. அப்புறம் நம்ம ஆளுங்க கண்டிப்பா தேடிப் போக வேண்டியது காலின் மெக்கன்சி. இந்தியாவோட முதல் சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைக்குத் தலைமை அதிகாரி, 1821ல இறந்தாரு. ஊர் ஊராப் போன இடத்துல எல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டு நகல், கிராமத்துக் கதைன்னு அள்ளிச் சேர்த்தாரே, அதுல பெரிய பகுதி இன்னிக்கும் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு. அவர் சேர்த்த கதைய இங்க படிக்கிறோம், ஆளு அங்க படுத்திருக்காரு.

பழவேற்காடு கல்லறை வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கு, உள்ள மண்டை ஓடு வேற. கடல் கொள்ளைக்காரங்க புதைச்ச இடம்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, உண்மையா?
*வாசகர், பொன்னேரி*

வீடியோக்காரருக்கு வியூஸ் வேணும், பாவம். அவங்க துணி வாங்க வந்த டச்சு கம்பெனிக்காரங்க, 1613ல ஜெல்ட்ரியா கோட்டை கட்டுனவங்க. மண்டை ஓடு, எலும்புக்கூடெல்லாம் அப்போ ஐரோப்பாவுல கல்லறைக்கு சாதாரணமா போடுற சின்னம், பார்க்கிறவனே நீயும் ஒருநாள் இப்படித்தான்னு அர்த்தம். றெக்கை வச்ச மணல் கடிகாரம் இருந்தா காலம் பறக்குது, பாதியில உடைஞ்ச தூண் இருந்தா வாழ வேண்டிய வயசுல போனவங்க. இது தெரிஞ்சா டச்சு மொழி தெரியாமலே பாதிக் கல்ல படிச்சிரலாம்.

கொள்ளைக்காரங்க இல்லன்னு சொல்லிட்டேன், ஆனா நல்லவங்கன்னு சொல்லல. இதே துறைமுகத்துல இருந்துதான் 17ம் நூற்றாண்டுல பஞ்சத்துல அடிபட்ட நம்ம ஜனங்கள அடிமையா வாங்கி பத்தாவியாவுக்கு, அதான் இப்போ ஜகார்த்தா, கப்பல் ஏத்துனாங்க. அவ்ளோ அழகா பூவும் கேடயமும் செதுக்கின கல்லுங்க இருக்கு, ஒண்ணுலயும் அது இல்ல. கல்லறைய படிக்கிறப்ப இதையும் சேர்த்துத்தான் படிக்கணும், காசு இருந்தவன் எழுதி வச்சதுதான் நமக்குக் கிடைச்சிருக்கு.

பையன் இங்கிலாந்துல படிக்கிறான், அடுத்த மாசம் போறோம். ஜி.யு.போப் கல்லறையில 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்'னு எழுதியிருக்காமே, அத நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க இருக்கு?
*ஓய்வு பெற்ற ஆசிரியை, திருநெல்வேலி*

அம்மா, கல்லறை இருக்கு, அந்த வரி இல்ல. மனசு கஷ்டப்படாதீங்க.

ஆக்ஸ்போர்டுல வால்டன் ஸ்ட்ரீட் பக்கம் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைன்னு ஒண்ணு, 1848ல திறந்தது, அங்கதான் போப் இருக்காரு. கல்லுல பேரு, பிறந்தது 1820 ஏப்ரல் 24, இறந்தது 1908 பிப்ரவரி 11, பல்கலைக்கழகத்துல தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்தாரு, பேலியல் கல்லூரி பாதிரியாரா இருந்தாருன்னு இருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல. 'தமிழ் மாணவன்' கதை மேடையில சொல்லிச் சொல்லியே பாடப் புத்தகம் வரைக்கும் போயிருச்சு, நானும் ஸ்கூல்ல அதக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனா நிஜமா இருக்கிற வரி எனக்கு அதவிடப் பெருசாத் தெரியுது: அவரோட குடும்பமும் தென்னிந்தியாவுல இருக்கிற அவரோட தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்ல வச்சாங்கன்னு எழுதியிருக்கு. குறள 1886லயும் திருவாசகத்த 1900லயும் இங்கிலீஷ்ல கொடுத்த மனுஷனுக்கு, கடல் தாண்டி நம்ம ஆளுங்க கல்லு வைக்கப் பங்கு போட்டிருக்காங்க. அதப் போய்ப் பாருங்க. அவ்ளோ தூரம் முடியாதவங்க திண்டுக்கல் போகலாம், குறளுக்கு உரை எழுதுன எல்லிஸ் 1819ல இறந்து அங்கதான் புதைக்கப்பட்டாரு, அவருக்குத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கல்லு வெட்டினாங்க.

ராத்திரி போனா பேய் வருமா?
*வாசகர், பெயர் வேண்டாமாம்*

பாம்பு வரும். பகல்ல போங்க, ஷூ போட்டுட்டுப் போங்க.

சென்னையில ஒரே நாள்ல பார்க்கிற மாதிரி எது எது இருக்கு?
*கல்லூரி மாணவர், வேளச்சேரி*

கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச்ல ஆரம்பிங்க, ஐடி கார்டு மறக்காதீங்க. சர்ச் 1680ல வந்தது, ஆனா வெளிய தரையில பதிச்சிருக்கிற கல்லறைக் கல்லுல எலிசபெத் பேக்கர்னு ஒரு பொம்பளையோட கல்லு 1652. சர்ச்சுக்கு முன்னாடியே கல்லறை எப்படின்னு கேப்பீங்க. அந்தக் கல்லெல்லாம் முதல்ல இப்ப ஹைகோர்ட், லா காலேஜ் இருக்கிற பக்கம் பழைய கல்லறையில இருந்தது, 1758, 59ல பிரெஞ்சுக்காரங்க கோட்டைய முற்றுகை போட்டப்ப அந்தப் பெரிய பெரிய சமாதிங்க பின்னாடி பதுங்கி நின்னு சுட்டாங்க, சண்டை முடிஞ்சதும் இங்கிலீஷ்காரங்க இனி இந்த வம்பே வேணாம்னு சமாதிய இடிச்சிட்டு கல்ல மட்டும் தூக்கிட்டு வந்து சர்ச்சச் சுத்திப் போட்டுட்டாங்க. குனிஞ்சு பார்த்துக்கிட்டே நடங்க.

இடிக்காம விட்டது ஒண்ணு ஹைகோர்ட் பக்கம் இன்னும் கூர்கூரா நிக்குது. அதுல ஜோசப் ஹின்மர்ஸும், டேவிட் யேல்னு ஒரு சின்னப் பையனும் இருக்காங்க. ஹின்மர்ஸ் 1680ல செத்ததும் அதே வருஷம் அவர் பொண்டாட்டியக் கட்டிக்கிட்டவரு எலிஹு யேல், பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆனவரு, அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டிக்குப் பேரே அவர்தான். முதல் புருஷனும் ரெண்டாவது புருஷனோட மகனும் ஒரே சமாதியில, சீரியல்காரங்க கண்ணுல எப்படிப் படாம இருக்குன்னு தெரியல.

அங்கிருந்து நடந்தே அரண்மனைக்காரத் தெருவுக்குப் போயிரலாம், ஆர்மீனியன் சர்ச். உலகத்துலயே முதல் ஆர்மீனிய பத்திரிகை வந்தது ஆர்மீனியாவுல இல்ல, 1794ல நம்ம மெட்ராஸ்ல. அத நடத்துன ஷ்மாவோனியன் பாதிரியார் அங்க முற்றத்துலதான் இருக்காரு. சாயங்காலம் நேரம் மிச்சம் இருந்தா நந்தம்பாக்கம் போர்க் கல்லறை.

எழுத்து தேஞ்சு போன கல்ல எப்படிப் படிக்கிறது? கோலமாவு தேச்சா தெரியும்ங்கிறாங்களே.
*வாசகி, கடலூர்*

மாவும் வேணாம், சாக்பீஸும் வேணாம், ஆசிட், கம்பி பிரஷ் பக்கமே போகாதீங்க, கல்லுக்குக் கெடுதல். காலையில வெயில் சாய்வா விழுற நேரத்துல போங்க, இல்ல செல்போன் டார்ச்ச கல்லுக்குப் பக்கவாட்டுல பிடிங்க. எழுத்து நிழல் விழுந்து தானா எழுந்து நிக்கும். போட்டோ எடுத்து வீட்டுல பெருசு பண்ணிப் படிச்சுக்கலாம். பக்கத்துல யாராவது அவங்க வீட்டு ஆளுக்கு மாலை போட வந்திருந்தா போனக் கீழ வச்சிருங்க.

எங்க பெரிய தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து பர்மா சண்டைக்குப் போனவரு. சின்ன தாத்தா மலாயா எஸ்டேட்ல இருந்து சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனவரு. ரெண்டு பேரும் திரும்பல. எங்கயாவது பேர் இருக்குமா?
*வாசகர், கிள்ளான், மலேசியா*

பெரிய தாத்தாவுக்கு வாய்ப்பு இருக்கு. யாங்கூன் பக்கத்துல தவுக்யான் போர்க் கல்லறையில ரங்கூன் நினைவுத் தூண்கள்னு இருக்கு, உடம்பு கிடைக்காதவங்க பேரு ஏறக்குறைய 27,000 செதுக்கியிருக்காங்க, அதுல நம்ம ஆளுங்க ஏராளம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல பேரப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. இங்கிலீஷ்ல அன்னிக்கு கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பான், அதனால முருகேசன்னா நாலஞ்சு ஸ்பெல்லிங் மாத்திப் போட்டுப் பாருங்க, ரெஜிமென்ட் நம்பர் வீட்டுல இருந்தா இன்னும் சுலபம்.

சின்ன தாத்தா பேரு கிடைக்கிறது கஷ்டம்ங்க. தாய்லாந்துல, அதான் பழைய சயாம், காஞ்சனபுரி போர்க் கல்லறையில, அந்த ரயில் வேலையில ஜப்பான்காரங்ககிட்ட கைதியா இருந்த சிப்பாய்ங்க கிட்டத்தட்ட 7,000 பேருக்குத் தனித்தனியா கல்லு, பேரு, வயசு எல்லாம் இருக்கு. காலராவுலயும் மலேரியாவுலயும் பல்லாயிரக்கணக்குல செத்த தமிழ்த் தொழிலாளிங்களுக்கு ஒழுங்கா ஒரு பேர்ப் பட்டியல்கூட யாரும் வைக்கல. ஆனா அங்க போனீங்கன்னா அந்தக் கல்லறைக்குப் பக்கத்துலயே வாட் தாவோர்ன்னு ஒரு புத்தர் கோயில் இருக்கு, தோண்டி எடுத்த ஆசியத் தொழிலாளிங்க எலும்ப மொத்தமா புதைச்சு நினைவிடம் கட்டியிருக்கிறது அந்த வளாகத்துலதான். டூர் பஸ் பெரும்பாலும் சிப்பாய் கல்லறையோட திரும்பிடும், நீங்க கேட்டு உள்ள போங்க.